றொமேஸ் தள்ளிவைத்த சீற்

கிறகோரி மாமாவைப் போல ஒரு மெக்கானிக் ஆதாமுக்குப் பிறகு இந்தப் பூமியில் பிறக்கவில்லை. நோவா பேழை கட்டிக்கொண்டிருந்த நேரம் மாமா அந்தப் பக்கத்தால் போயிருந்தால், அதற்கு நாலு கியரும் ஒரு ரிவர்சும் பூட்டிக் கொடுத்திருப்பார். மிருகங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே மலையில் இறங்கியிருக்கும். முல்லைத்தீவுக்குப் பக்கத்தில், சிலாவத்தையில் அவருடைய வீட்டு வளவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. அதற்கு ஈடான கார் லண்டனில் இல்லை, ஜப்பானில் இல்லை. மோட்சத்தில் ஒன்று இருக்கலாம். ஆனால் அது மாமா திருத்தினதாக இருக்க முடியாது, மாமா இன்னும் உயிரோடு இருக்கிறார்.

இவ்வளவு புகழுள்ள அந்தக் கார், திருத்தி முடிந்த பிறகும் வருசக்கணக்காக வளவை விட்டு ஒரு முழம்கூட வெளியே போகவில்லை.

மாமா கடல்தொழில்காரர். பள்ளிக்கூடமும் அவரும் சின்ன வயதிலேயே ஒருவரை ஒருவர் கைவிட்டுவிட்டார்கள், அந்த விசயத்தில் எனக்கும் மாமாவுக்கும் நல்ல ஒற்றுமை. படகு இயந்திரம் பிரிப்பதும், உடைந்த பைபர் படகுக்குக் கண்ணாடித்துணி வைத்து ஒட்டுவதும் அவருக்குக் கைவந்த வேலை. உயரம்தான் குறைவு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள கிடுகு வேலிக்கு மேலால் அவருடைய தொப்பி மட்டும் தனியாக நடந்து போகும். அவருடைய மனைவி புனிதமலர் மாமி நல்ல உயரம். மகன் றொமேஸ் தாயைப் போல. எனக்கு அவரைக் கண்ட ஞாபகம் இல்லை. அவர் காணாமல் போன வருசம் நான் கைக்குழந்தை. மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற படத்தில் அவருடைய தலை சட்டத்தின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கும்.

காரைக் கொண்டுவந்தது றொமேஸ்தான். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், துணுக்காயில் ஒரு பெரிய வீட்டுப் பின்கொட்டிலில் அதற்குள் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தனவாம். எப்போதோ சீமையிலிருந்து கப்பலில் வந்த ரையம்ப் கார். கூரை இல்லை, இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடி. தூக்கினால் முதலை வாய் திறந்தது போல இருக்கும். கருவாட்டுச் சாக்குகளைக் கொடுத்து வாங்கி, உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்து, தகப்பனும் மகனுமாக அதை ஓடவைத்தார்கள். பெற்றோல் யானைவிலை விற்ற ஊரில் மண்ணெண்ணெயில் ஓடியது. பின்னால் வந்த புகைக்கு நுளம்பு செத்தது என்று மாமி சொல்லுவார்.

அந்தக் காலத்தில் அவர்களுக்குள் இருந்த ஒரே சண்டை சீற்றுக்காக. மாமா ஓட்டினால் சீற்றை முன்னுக்கு இழுக்க வேண்டும், றொமேஸ் ஓட்டினால் பின்னுக்குத் தள்ள வேண்டும். "உங்கட உயரத்துக்கு வைச்சா என்ர முழங்கால் நாடியிலை முட்டுது அப்பா" என்று மகன் பகிடி பண்ணுவாராம். "நீ வளந்ததுக்கு நானே பொறுப்பு? கொம்மாவைக் கேள்" என்பாராம் தகப்பன்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. ஊர் இடம்பெயர்ந்தபோது சனம் தையல் மெசினை, தண்ணீர் இறைக்கும் மோட்டரை, நகையைப் புதைத்துவிட்டுப் போனது. மாமாவும் றொமேசும் காரைப் புதைத்தார்கள். மணல்தானே, கிண்டுவது லேசு. எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, தறப்பாளால் சுற்ற ஆயத்தம் பண்ணும்போது மாமி கிண்டின கிடங்கின் விளிம்பில் நின்று அழுதிருக்கிறார். தாயைச் சிரிக்கப் பண்ணுவதற்காக றொமேஸ் கிடங்குக்குள் இறங்கி, காருக்குள் ஏறி, சீற்றைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து, வாயால் 'பீப் பீப்' என்று கோன் அடித்துக் காட்டினாராம். மாமி இதைச் சொல்லும்போது மீன் செதிலை உரித்துக்கொண்டே சிரிப்பார். பிறகு கத்தியை வைத்துவிட்டு முகத்தைத் தோளில் துடைப்பார்.

வட்டுவாகல் பாலத்தைத் தாண்டும்வரை மூன்று பேராகத்தான் வந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆமிக்காரர் ஆட்களைப் பிரித்தார்கள். றொமேஸ் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டதை மாமி தன் கண்ணால் கண்டார். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

முகாமிலிருந்து திரும்பி வந்து, கண்ணிவெடி எடுத்து முடிந்த பிறகு, இரண்டு பேர் புதைத்த காரை மாமா தனியாகக் கிண்டி எடுத்தார். உவர்த்தண்ணீர் ஊறி அடித்தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. எஞ்சின் இறுகிவிட்டது. சீற்றை முன்னும் பின்னும் நகர்த்துகிற தண்டவாளமும் றொமேஸ் கடைசியாகத் தள்ளிவைத்த இடத்திலேயே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

நான் வளர வளர அந்தக் காரும் வளர்ந்தது. எரிந்துபோன ஒரு நிசான் சன்னியின் எஞ்சினைக் கழற்றி வந்து அதற்குள் பொருத்தினார். தகட்டுக்குப் பதிலாக, படகுக்குச் செய்கிற மாதிரியே பைபரில் புது அடித்தளம் ஊற்றினார். படகுக்குப் பூசுகிற நீலப் பெயின்ரைப் பூசினார். இன்றைக்கும் அந்தக் காருக்குள் தலையை விட்டால் மீன்வலை இழுக்கிற கரைவலைப்பாடு மணக்கும். ஆனால் சீற்றுக்குக் கீழே மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய இரும்பை வெட்டாமல் விட்டு, அதைச் சுற்றித்தான் பைபரை ஒட்டியிருந்தார். எல்லாம் மாறினது, அந்தத் தண்டவாளம் மாறவில்லை.

மாற்றின எஞ்சின் முதல்முதல் இயங்கிய அன்று ஒழுங்கைச் சனம் முழுவதும் வளவுக்குள் நின்றது. மாமா ஏறி இருந்தார். கால் எட்டவில்லை. கிளச்சுக்கும் அவருடைய செருப்புக்கும் நடுவில் ஒரு பூனை படுக்கலாம். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கினார். வெல்டிங் கடைத் தவராசா சுத்தியலும் துருவுக்கு விடுகிற எண்ணெயும் எடுத்துக்கொண்டு குனிந்தார். ரெண்டு தட்டுத் தட்டினால் முன்னுக்கு வந்துவிடும் என்றார். மாமா சுத்தியலை அவருடைய கையிலிருந்து மெல்ல வாங்கி, தேத்தண்ணி குடிக்கச் சொல்லி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒருவரும் சீற்றைப் பற்றிக் கதைக்கவில்லை. உயரமான சொந்தக்காரர் ஒருவர் தான் ஓட்டித் தருவதாகக் கேட்டார். அவருக்கும் தேத்தண்ணிதான் கிடைத்தது.

நான் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான் இருந்தது, அதைக் குறைவில்லாமல் செய்தேன். புகைக்குழாய்க்குள் நண்டு விட்டேன். கண்ணாடியில் 'சிலாவத்தை – லண்டன் கடுகதி' என்று எழுதி ஒட்டினேன். சந்தைக்குப் போன ஒரு அப்பு இடப்பக்கச் சீற்றில் ஏறி இருந்து கொண்டக்டரைத் தேடினார். மாமா ஒவ்வொரு முறையும் வேலிக்கு மேலால் தொப்பியைக் காட்டி, ஆர் செய்தது என்று கேட்பார். கிணற்றடிப் பேய்தான் என்பேன். மாமியும் தான் பேயைக் கண்டதாகச் சாட்சி சொல்லுவார். ஒரு நாள் பிடிப்பன் என்று மாமா சொல்லுவார். பிடித்ததே இல்லை.

என்னுடைய கிறிக்கெற் துடுப்பு வெடித்தபோது அதைத் திருத்தித் தந்ததும் அவர்தான். கடற்கரையில் பொடியங்களோடு பந்தடிக்கிற ஒரே பெட்டை நான். அந்தத் துடுப்பு இல்லாவிட்டால் என்னைச் சேர்க்கமாட்டார்கள். மாமா வெடிப்புக்கு மேல் பைபர் பட்டி சுற்றி ஒட்டி, அரத்தாளால் தேய்த்து, காரின் மிச்ச நீலத்தைப் பூசித் தந்தார். பேயிடம் குடுக்காதே என்றார்.

மாமி கிழமைக்கு நாலு நாளாவது முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போவார். காணாமல் போனவர்களின் தாய்மார் தெருவோரத்தில் ஒரு கொட்டில் போட்டு வருசக்கணக்காக இருக்கிறார்கள். மாமியும் றொமேசின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே இருப்பார். மாமா போவதில்லை. தானும் அங்கே போய் இருந்துவிட்டால் இங்கே அவனுடைய காரை யார் பார்ப்பது என்பார்.

மாமிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் வீட்டுக் குசினியில் என் அம்மாவிடம் சொல்லும்போது நானும் கேட்டேன். அந்தக் காரில் போய் அந்தக் கொட்டிலுக்கு முன்னால் இறங்க வேண்டும்.

"படத்தைக் காட்டிக் காட்டி எனக்கே அலுத்துப் போச்சு. எல்லாரிட்டையும் படம் இருக்கு. என்ர பிள்ளையின்ர காரைக் காட்டோணும்."

போன வருசம் மழைக்காலத்தில் மாமிக்கு இருமல் தொடங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. பஸ் படி ஏற முடியாமல் போன அன்று அவர் மாமாவிடம் நேராகக் கேட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தேன், அல்லது பிடுங்குகிற மாதிரி நின்றேன்.

"இஞ்சருங்கோ. ஒருக்கா என்னை அதிலை கொண்டுபோங்கோவன்."

"ஓட்டோவுக்குச் சொல்லுறன் மலர்."

"ஓட்டோ எனக்கு வேண்டாம். சீற்றை ஒருக்கா முன்னுக்கு இழுத்தா என்ன? பிறகு தள்ளி விடலாம்தானே."

"இழுத்தா அது அவன் வைச்ச இடம் இல்லை. பிறகு நான் வைச்ச இடம்."

மாமி சீலைத் தலைப்பால் வாயை மூடி இருமினார். பிறகு சொன்னார்: "அவனுக்கும் இப்ப நாப்பது ஆகப்போகுது. வயசு போகப்போக மனுசர் கட்டையாகிறவை. வந்தா அவனே முன்னுக்கு இழுப்பான்."

அது பகிடி. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மாசி மாதம் ஆஸ்பத்திரியில் மாமி இறந்தார். கடைசிவரை தலைமாட்டில் வைத்திருந்த சின்னப் பைக்குள் செபமாலையும் காரின் பதிவுப் புத்தகமும் இருந்தன. இடம்பெயர்ந்த வழி முழுக்க அவர் அவற்றைச் சேர்த்துத்தான் கட்டி வைத்திருந்தாராம். சவப்பெட்டி வாடகை வாகனத்தில் போனது. மாமா பின்னால் நடந்து போனார். கார் தறப்பாளுக்குக் கீழே நின்றது.

கொட்டிலில் இருக்கிற தாய்மாரில் சிலர் வந்தார்கள். பதில் கிடைக்காமலே செத்துப்போன தாய் தகப்பன்மாரின் படங்களை அங்கே வரிசையாக மாட்டுவார்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிய மாமியின் படத்தைக் கொண்டுவந்து தரும்படி கேட்டார்கள். மாமா தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவர் தறப்பாளை விலக்கி, சட்டம் போட்ட மாமியின் படத்தை இடப்பக்கச் சீற்றில் வைத்து, மற்றப் பக்கத்தில் தான் ஏறி இருப்பார். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றையே பார்ப்பார். அந்த நாட்களில் நான் நண்டு ஒன்றும் விடவில்லை. நண்டுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

சீற்றை ஏன் இழுக்க வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எஞ்சினையே மாற்றத் தெரிந்த மாமாவுக்கும் தோன்றவில்லை. சீற் அங்கேயே இருக்கட்டும், பெடல் கிட்ட வந்தால் போதும். சின்னப்பிள்ளைக்குக்கூட விளங்குகிற விசயம். மாமி இருந்தபோது ஒருவருக்கும் விளங்கவில்லை என்பதுதான் அதில் உள்ள கேவலம். ஒரு மழைக்காலம் முந்தி விளங்கியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் மாமா பூசை முடிந்து, சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். ஓட்டோவுக்குச் சொல்லியிருந்தது. புறப்பட முதல் வழக்கம்போலத் தறப்பாளை விலக்கினார். குனிந்தார். நிமிரவில்லை.

கிளச், பிறேக், அக்சிலேற்றர் மூன்றிலும் ஒவ்வொரு மரக்கட்டை, சைக்கிள் ரியூப் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மாமா ஏறி இருந்து வலது காலை நீட்டினார். பிறேக் அமர்ந்தது. இடது காலை நீட்டினார். கிளச் அமர்ந்தது. இறங்கி வீட்டுக்குள் போனார். மாமியின் தலையணையோடு வந்து அதை முதுகுக்கு வைத்தார். மாமியின் படத்துக்குச் சீற் பெல்ற் போட்டார். ஓட்டோக்காரப் பொடியனைப் போகச் சொல்லிவிட்டு எஞ்சினை ஸ்ராற் பண்ணினார்.

உலகத்திலேயே வேகமான அந்த ஸ்போர்ட்ஸ் கார் முல்லைத்தீவு ரோட்டில் திருச்சுருவத்தைத் தோளில் காவிப்போகிற வேகத்தில் போனது. சைக்கிளில் பின்னால் போன நான் இரண்டு தரம் தவறுதலாக அதை முந்திவிட்டேன். ஒரு வளைவில் பிறேக் கட்டை சரிந்து, அவர் இறங்கித் திருப்பிக் கட்டினார். தலையணை இரண்டு தரம் வழுகியது. மாமா ஒருவரையும் பார்க்கவில்லை. கோன் அடிக்கவும் இல்லை.

கொட்டிலில் இருந்த தாய்மார் எழும்பி வந்தார்கள். கார் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமி எத்தனையோ வருசமாகச் சொல்லி வைத்திருந்தார். ஒரு அம்மா வலப்பக்கச் சீற்றுக்குக் கீழே கையை விட்டு அந்தத் துருப்பிடித்த தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தார். அவருடைய மகனும் அதே பஸ்ஸில் ஏறினவராம். படத்தை மாட்டினார்கள். வரிசையில் அதற்குப் பக்கத்தில் அடுத்த ஆணியும் அறைந்திருந்தது, வெறுமையாக. மாமா அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொப்பியைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வேலிக்கு மேலால் அந்தத் தொப்பி வந்து நின்றது.

"டிலுசா. இஞ்சை வா. ஆர் பெடலிலை கட்டை கட்டினது?"

"எனக்குத் தெரியாது மாமா. கிணத்தடிப் பேயாத்தான் இருக்கும். மாமி இருந்தா சாட்சி சொல்லுவா."

அவர் ஒரு கட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மெதுவாகத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் நீலப் பைபர் பட்டி, அவரே ஒட்டி அவரே அரத்தாள் போட்டுத் தேய்த்தது, பாதியில் மரம் அறுக்கிற வாளால் அறுபட்டிருந்தது.

"சரி, பேயைக் கண்டா ஒண்டு கேட்டுச் சொல்லு" என்றார் மாமா. "பின்னேரம் பொடியள் பந்தடிக்கக் கூப்பிட்டா, இனி எதைக் கொண்டு போகப் போகுதாம்?"