அக்காவின் பட்டறையும் நாம் எடுத்துக்கொண்ட சாமான்களும்

ஆண்டவர் எங்கள் அக்காவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஒரு வருடம் நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், ஓடைப்பட்டி ஊர்க்காரர்களுக்கும், அக்காவிடம் சாமான் சரிபண்ண வந்த அனைவருக்கும் கடைசித் தம்பியாகிய நான் வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். கடிதம் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. பெரியண்ணன்தான், "கடைசி வரைக்கும் நீதான் கூட இருந்த, நல்லதா நாலு பக்கம் எழுது" என்றார். நல்லது நிறையவே இருக்கிறது. அல்லாதது ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கம்பத்தில். அப்பா வாழைத்தோப்புகளில் தார் வெட்டும் வேலை பார்த்தார். நாங்கள் மூன்று பேர். பெரியண்ணன், அக்கா, நான். இருபது வயதில் அக்காவை ஓடைப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஒன்றைப் போட்டு, திராட்சைத் தோட்டத்து மோட்டார்களையும் மருந்தடிக்கும் பம்புகளையும் சரிபண்ணிக் கொடுத்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையை அக்கா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சாப்பாடு கொண்டுபோகிற கையோடு மெஷின் பக்கத்தில் நின்று, அத்தானுக்குச் சமமாக வேலையைக் கற்றுக்கொண்டார்.

அத்தான் மாரடைப்பில் போனபோது அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. பெரியண்ணன் கம்பத்துக்கு வந்துவிடச் சொன்னார். "மெசின் ஓடுதுல்லண்ணே. அதை நிப்பாட்டிட்டு நான் வந்து உங்க வீட்டு அடுப்பையா பாத்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டுவிட்டு, அக்கா அங்கேயே இருந்துகொண்டார்.

ஒரு பொம்பளையிடம் மோட்டாரைப் பிரிக்கக் கொடுக்க ஆட்கள் தயங்கினார்கள். அதனால் அக்கா பழைய டூல்ஸை வாங்கிச் சரிபண்ணி விற்கும் வேலைக்குப் போனார். மேலே கேரளத்து எஸ்டேட்டுகளில் கழித்துப் போடும் சாமான்களை ஜீப் டிரைவர் ஒருவர் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். பைப் ரிஞ்ச், சாமானை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ், டிரில் சக், சில சமயம் முடி கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டர்கூட வரும். எல்லாம் துருவும் மண்ணுமாக இருக்கும். ஒரு வாரத்தில் அதே சாமான் கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

துருவை எடுக்க அக்கா கண்டுபிடித்த வழி, தோட்டத்தில் கழித்த அழுகல் திராட்சை. அதைப் பிழிந்து நீலப் பீப்பாயில் ஊற்றி, ஸ்பேனர்களை நான்கு நாள் ஊறப்போடுவார். வாடை தெருவுக்கே வரும். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"ஏம்மா, வீட்டுக்குப் பின்னாடி சாராய ஊறல் போட்டுருக்கியாமே?"

அக்கா மூடியைத் திறந்து, உள்ளே கையைவிட்டு ஒரு ரிஞ்சை எடுத்து நீட்டினார். "ஊறல்தான் சார். நல்லா ஊறியிருக்கு, கடிச்சுப் பாருங்க."

அடுத்த வாரம் அந்தப் போலீஸ்காரரே தன் வீட்டு முறுக்கு பிழியும் அச்சைச் சரிபண்ணக் கொண்டுவந்தார். திருகு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

ஊறவைத்ததைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் சூடு ஏறக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிட வேண்டும் என்பார் அக்கா. வைஸ் என்றால் முழுக்கப் பிரித்து, திருகு மரையில் கல்லாகிக் கிடக்கும் பழைய கிரீஸை மூங்கில் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைப்பார். மைக்ரோமீட்டரைப் பீப்பாய்ப் பக்கமே விடமாட்டார். அதற்கு மெல்லிய துணியும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டும் மட்டும்தான். எதற்கும் பெயிண்ட் அடிக்க மாட்டார். "பெயிண்ட் அடிச்சா வெடிப்பு இருந்தாலும் தெரியாது. வாங்குறவன் பாத்து வாங்கட்டும்" என்பார். சாயங்காலம் லேத்தைத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் கையைக் கழுவி ஜெபமாலை சொல்ல உட்காருவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழையில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, தேனியில் பார்த்து, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் கூடப் போனேன். பத்தாவது நாள் மூச்சு மோசமானது. ஓடைப்பட்டியிலிருந்து எங்கள் பங்குச் சாமியாரை வரவழைத்தேன். அவர் அக்காவின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். நம் குடும்பங்களில் இதை இன்னும் அவஸ்தை பூசுதல் என்றுதான் சொல்கிறோம். பூசிவிட்டால் ஆள் அவ்வளவுதான் என்று நினைப்பும் அப்படியே இருக்கிறது. போகும்போது சாமியார், "இது பொழைக்கத்தான் பூசுறது தம்பி, போறதுக்கு இல்ல" என்றார். பெரியண்ணனுக்குப் போன் செய்தபோது பூசியதை மட்டும் சொன்னேன். சாமியார் சொன்னதைச் சொல்லவில்லை.

"அப்ப இனி என்ன இருக்கு? ஆக வேண்டியதைப் பாப்போம்" என்றார் அண்ணன்.

ஓடைப்பட்டி வீடு சின்னது. உடலைக் கொண்டுவந்தால் ஜனம் உட்கார இடம் வேண்டும் என்று கொட்டகையை ஒழித்திருக்கிறார்கள். உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சாமான்களை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, பெரியண்ணன் சொல்லியிருக்கிறார்: "ஆளுக்கொண்ணு ஞாபகமா எடுத்துக்கிடுங்க. அவளே சொல்லிட்டா."

அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. பத்து நாளும் பக்கத்தில் இருந்தவன் நான். மூக்கிலும் வாயிலும் குழாய் இருந்த மனுசி எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

மாற்றுத்துணி எடுக்க நான் ஒரு நாள் ஓடைப்பட்டிக்குப் போனபோது, அண்ணன் மைக்ரோமீட்டர் பெட்டியை என் கையில் வைத்து, "இது உனக்கு" என்றார். நானும் வாங்கிக்கொண்டேன். காலிக் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் அக்கா கண் திறந்தார். குழாயை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "மழை பெய்யுதாடா ஊர்ல? லேத்துக்கு எண்ணெ போட்டியா?"

"போட்டேன்க்கா" என்றேன். ஒரு வாரம், தினமும் கேட்டார். தினமும் அதையே சொன்னேன்.

வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குத்தான் போனார். லேத் மட்டும் நின்றது. தூக்க முடியாததால் நின்றது. அதன் நீளமான இரும்புத் தளத்தில் காவி நிறத்தில் துரு படர்ந்திருந்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைத் திருகும் சாவியைக்கூட, பளபளப்பாக இருக்கிறது என்று யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அது இல்லாமல் அந்த மெஷின் வெறும் இரும்பு. அக்கா விரலால் அந்தத் துருவைத் தடவி, விரலைப் பார்த்தார். அழவில்லை. சாமான் எங்கே என்று என்னைக் கேட்டார்; அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். பெரியண்ணன் வாசலில் நின்றிருந்தார்.

"நான் சொன்னேன்னு சொன்னீகளாமே. எப்பண்ணே சொன்னேன்?"

"கேட்டுருந்தா சொல்லியிருப்பன்னு நெனச்சேன் ஆத்தா."

"கேக்குறதுக்குத்தான் நான் இருந்தேனே" என்றார் அக்கா.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ என்ன எடுத்த?" நான் துணிப்பையிலிருந்து மைக்ரோமீட்டர் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். அளக்கும் முகத்தில் என் பெருவிரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. வேர்வைக் கையால் தொட்டால் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் முழுக்க எண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். மேலாக இருந்தது போனது. அடியில் இருந்தது போகவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஒரு மாதம் கழித்துச் சின்னமனூரில் ஒரு விசேஷ வீட்டுக்கு அக்காவை அழைத்துப் போனேன். அந்த வீட்டில் அக்காவின் பெஞ்ச் வைஸ் கதவு சாத்தாமல் இருக்க அண்டை கொடுத்துக் கிடந்தது. யாரோ அதன்மேல் செருப்பை வைத்திருந்தார்கள். அக்கா குனிந்து செருப்பை எடுத்துக் கீழே வைத்தார். முந்தானையால் வைஸை ஒரு துடை துடைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். வரும் வழியில், "கேட்டு வாங்கிருவோம்க்கா" என்றேன்.

"வேணாம்ப்பா. செத்தவ வந்து கேட்டா நல்லாருக்காது" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். ஜீப் டிரைவர் ஒரு சாக்குச் சாமான் கொண்டுவந்து இறக்கி, "எஸ்டேட்ல கெடந்துச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு அரமும், மண்ணெண்ணெய் டப்பாவும், பழைய வேட்டித் துணியுமாக அக்கா மறுபடி உட்கார்ந்தார். சக் சாவி ஒன்றை அரத்தாலேயே ராவிச் செய்துகொள்ள மூன்று வாரம் ஆனது. பெரியண்ணன் வந்தால் காப்பி கொடுப்பார். குடும்பம், பிள்ளைகள் எல்லாம் விசாரிப்பார். கொட்டகைக்குள் மட்டும் அவரை விடவில்லை. அவர் நிலைப்படியில் கால் வைத்தால், "அங்கனயே இருங்கண்ணே, எண்ணெப் பிசுக்கு" என்பார்.

மறுபடி நெஞ்சு அடைத்தபோது ஆஸ்பத்திரி வேண்டாம் என்றுவிட்டார். சாமியார் வீட்டுக்கு வந்தார். எண்ணெய்ச் சிமிழைத் திறந்தபோது அக்கா அவர் கையைப் பிடித்தார். "பூசுங்க சாமி. ஆனா எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீக." சாமியாருக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. அக்காதான் சிரித்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். இரண்டாம் நாள் காலை, பூசை மணி அடிக்கையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இதைப் பெரியண்ணனுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். "இது வேணுமாடா?" என்றார். வேணும் என்றேன். அவருக்காகவும் எனக்காகவும் நான் தினமும் ஜெபிக்கிறேன். மன்னிப்பு என்பது அக்காவிடம் இருந்தது. அதை அவர் எங்களுக்குக் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு முறையும் வந்து பூசிய பங்குச் சாமியாருக்கும், மதுரையில் அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட நர்ஸ் பிள்ளைக்கும், கடைசி ஏழு மாதமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், கூப்பிடாமலே வந்த ஜீப் டிரைவருக்கும், அடக்கத்துக்கும் இன்றைய திருப்பலிக்கும் வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவின் சாமான்கள் உங்களில் பலர் வீட்டில் இருக்கின்றன. அக்கா கேட்காததை நான் கேட்க மாட்டேன். வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை துடைத்து எண்ணெய் போடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை. யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து, இது ஏது என்று கேட்டால், அக்கா கொடுத்தது என்று சொல்லாதீர்கள். அக்கா உயிரோடு இருக்கும்போதே எடுத்து வந்தது என்று சொல்லுங்கள்.