சுண்ணாம்புக் கரையில் முளைத்த கொள்ளு

கல்லலுக்கு மேற்கே மூன்று மைலில் என் தம்பி மகள் வள்ளியம்மையின் காடு இருக்கிறது. தை பிறந்த இரண்டாவது வாரத்தில் அதைப் பார்த்து வந்தேன். ஊர் சுற்றும் ஆசையால் போகவில்லை. அவளுடைய கணவர் முத்துக்கருப்பன் அந்த நிலத்தைக் கல் வெட்டக் கொடுக்கப் போகிறார், வெள்ளிக்கிழமை அச்சாரம் வாங்கப் போகிறார் என்று அவள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். செம்புறாங்கல் வெட்டி எடுத்த இடத்தில் பிறகு ஆடு மேய்க்கவும் முடியாது, குழிதான் மிஞ்சும். காடு போனால் மாப்பிள்ளை மலாய் நாட்டுத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறுவார். அதையும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இந்தச் செம்மண்ணைப் பற்றி நான் எழுதிய இரண்டு கட்டுரைகளைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குப் பட்டம் இல்லையாம். இல்லைதான். முப்பது வருஷம் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தச் சீமை முழுதும் கால்நடையாக விற்றவன் நான். எந்த மண்ணில் செருப்பு சீக்கிரம் தேயும், எந்த மண்ணில் எந்தச் செடி நிற்கும் என்பதைக் காலால் படித்தேன். மீதியை இரவல் புத்தகங்களிலும் அகராதியிலும் படித்தேன். இதையும் திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புவேன். தபால் தலை வாங்கி வைத்திருக்கிறேன்.

காரைக்குடியில் காலை வண்டி ஏறினால் கல்லலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூன்றாம் வகுப்பில் வலது பக்க ஜன்னல் ஓரம் கிடைத்தால் உட்காருங்கள். ரயில் பாதைக்காக வெட்டிய இடங்களில் மண்ணின் உள்பக்கம் தெரியும். மேலே ஒரு சாண் சரளை, அதன் கீழே தேன்கூடு போலத் துளைவிட்ட செங்கல் நிறப் பாறை; அதுதான் செம்புறாங்கல். அந்த நிறம் இரும்பின் நிறம். இரும்பு நிறைந்த மண் ஏழை மண் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரும்புக்கடைக்குள் ஒருவனைப் பூட்டி வைத்தால் அவன் பட்டினியாகத்தானே கிடப்பான்? செடியின் நிலைமையும் அதுதான். சுற்றிலும் சரக்கு உண்டு, அதற்குச் சாப்பாடு இல்லை.

கல்லல் ஸ்டேஷன் வாசலில் ஒற்றை மாட்டு வண்டி கிடைக்கும். இரண்டணா கேட்பார்கள், கொடுத்துவிடலாம். நான் ஏறிய வண்டியின் வண்டிக்காரர் போகிற இடத்தைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“முத்துக்கருப்பன் காட்டுக்கா? அது செத்த காடுல்ல. அங்குட்டு ஓணான் கூடப் பட்டினியாக் கெடக்கும்.”

“அந்த ஓணானத்தான் பாக்கப் போறேன்.”

“பாத்துட்டு?”

“பசியாத்த முடியுமான்னு பாப்பேன்.”

“நல்லாப் பாருங்க. வார வழியில எனக்கும் சொல்லுங்க” என்று மாட்டைத் தட்டினார். சிரிக்கவில்லை.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஊருணிக் கரையில் இறங்கினேன். மாப்பிள்ளையின் பங்காளிகள் பாகம் பிரித்தபோது வண்டல் நிலத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு, ஊருணிக்கு மேற்கே இருக்கும் இந்தப் பொட்டலை இவர் தலையில் கட்டினார்கள். பாகம் பிரித்த அன்றே கூடாது என்று சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

“வாங்க மாமா” என்றார் முத்துக்கருப்பன். “மண்ணுக்கு நாடி பாக்க வந்தீகளா?”

“நீங்க பாடையே கட்டிட்டீகளாமே மாப்ளே. அதுக்கு முன்னாடி ஒரு தரம் பாத்துருவம்னு வந்தேன்.”

“மூணு வருசம் ஆட்டுக்கெடை போட்டேன். எருவா அடிச்சேன். கேழ்வரகு வெரல் ஒசரத்துக்கு மேல எந்திரிக்கல. நீங்க வந்து பாத்தா மட்டும் எந்திரிச்சிருமா?”

நான் காட்டுக்குள் இறங்கினேன். அவரும் பின்னால் வந்தார்.

இனிப் படிப்பவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். அந்தப் பொட்டலில் காரைப் புதர்கள் இருக்கின்றன. தோப்புக் கரையில் நிற்கும் காரைக்கும் இதற்கும் இலையிலேயே வித்தியாசம் தெரியும். இங்கே இலை சிறியது, தடித்தது, வருஷக்கணக்கில் உதிராமல் வைத்துக் காப்பாற்றுவதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் முள். ஓர் இலையை ஆடு கடித்துவிட்டால் இன்னோர் இலை செய்ய இந்த மண் கடன் கொடுக்காது. ஆகவே இருப்பதற்குக் காவல் போட்டிருக்கிறது. பாலை மரமும் உண்டு. அதன் வயதைக் கேட்டால் மாப்பிள்ளையின் தாத்தா காலத்து மரம் என்கிறார். என் தோள் உயரம்கூட இல்லை. நோயில் விழுந்த மரம் இல்லை அது. வரவுக்குத் தக்கபடி செலவு செய்யும் மரம்.

ஊருணியிலிருந்து நீர் கசியும் மூலைக்குப் போனபோது காலைப் பனி உலரவில்லை. அங்கே தரையோடு தரையாக, காலணா அகலத்தில், சிவப்புச் சிவப்பாக அழுகண்ணி பரந்து கிடந்தது. ஒவ்வோர் இலையிலும் மயிர்க்கால்கள், ஒவ்வொரு மயிர்க்காலின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. பனி உலர்ந்த பிறகும் அந்தச் சொட்டு உலராது. ஓர் இலையில் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டு காலை உதறியது. இலையின் ஓரம் அதன்மேல் கவியத் தொடங்கியிருந்தது.

“இது பூச்சியத் திங்குது மாப்ளே.”

“தெரியும். வைத்தியருக்குப் புடுங்கிக் குடுத்திருக்கேன்.”

“ஏன் திங்குது?”

“பசிக்குது, திங்குது. இதுல என்ன கேள்வி?”

அவர் கேலிக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். வேரில் கிடைக்காததை இலையில் பிடித்துக்கொள்கிறது. அது கூட்டமாக இருக்கும் இடத்தில் எருவும் மழையும் இருந்தும் கேழ்வரகு எழும்பவில்லை என்றால், மண்ணின் குணத்தையே மாற்றினால்தான் ஆகும். எதைக் கொண்டு மாற்றுவது என்று எனக்கும் அப்போது தெரியவில்லை. முந்திரி வைக்கலாம் என்று சொன்னேன். காய்க்கும்வரை என்ன சாப்பிடுவது என்று கேட்டார்.

மத்தியானம் வள்ளியம்மை சோறு போட்டாள். கொள்ளு ரசம். கொள்ளு நன்றாக விளைந்த கொள்ளு, மணம் தெரிந்தது.

“எந்தக் கடையில வாங்குன ஆத்தா?”

“கடையிலயா? நம்ம காட்டுக் கொள்ளு பெரியப்பா. வடக்குக் கரையில தானா மொளச்சுக் கெடந்துச்சு. ஆஞ்சு ஒலர்த்தினேன், ஒரு மரக்கா தேறுச்சு.”

நான் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்தார்.

“அது வண்டி மாடு சிந்துனது” என்றார்.

விவரம் இது. பக்கத்து ஊரில் ஒரு செட்டியார் வீடு கட்டுகிறார்கள். போன சித்திரையில் தொண்டியிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்து, ஊருணித் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதென்று இவருடைய காட்டிலேயே குழி தோண்டி நீற்றினார்கள். இவரைக் கேட்கவில்லை. புல் கருகியது. மாப்பிள்ளை வண்டியை மறித்துச் சண்டை போட்டார். குழியை மூடிக்கொண்டு போனார்கள். அதோடு அவர் விட்டாரா? கெட்டுப்போன மண்ணும் நல்ல மண்ணும் சேரக்கூடாது என்று, சுண்ணாம்பு பட்ட மேல்மண்ணை மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி வடக்கு வரப்பில் கரையாகப் போட்டார். வைகாசி முழுதும் புருஷனும் பெண்டாட்டியும் அந்த வேலையே செய்திருக்கிறார்கள். புரட்டாசியில் மணல் ஏற்றிய வண்டிகள் அந்த வழியே போனபோது மாடுகள் தின்ற கொள்ளு வழியெல்லாம் சிந்தியது.

கை கழுவிவிட்டு வெயிலிலேயே போனோம். வண்டித் தடம் பொட்டலைக் கடந்து வடக்குக் கரை ஓரமாகப் போகிறது. தடத்தின் இந்தப் பக்கம் முளைத்த கொள்ளு மஞ்சளடித்து, நாலு இலையோடு நின்று காய்ந்திருந்தது. கரையின்மேல் முளைத்தது கொடியோடி, வள்ளியம்மை ஆய்ந்தது போக இன்னும் காய் தொங்கியது. ஒரே மாடு சிந்திய ஒரே கொள்ளு. ஒரே மழை. கரைமேல் ஓர் அழுகண்ணிகூட இல்லை.

கரைமேல் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினேன். கொள்ளு வேரில் இருக்க வேண்டிய முடிச்சுகள் மணிமணியாக இருந்தன. தடத்துச் செடியில் ஒன்றும் இல்லை. இரும்பு மிகுந்த புளித்த மண், பயிருக்கு வேண்டிய சத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. சுண்ணாம்பு அந்தப் பிடியைத் தளர்த்தும் என்று ஓர் இரவல் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்தபோது முழுதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். கரையைப் பார்த்த பிறகு புரிந்தது.

“அப்ப நான் ஒரு மாசம் நல்ல மண்ணயாச் சொரண்டிப் போட்டேன்?” என்றார் மாப்பிள்ளை.

“நீங்க மட்டுமா? என் இடுப்பும் ஒடஞ்சுச்சு” என்றாள் வள்ளியம்மை.

அவர் கரைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை; சாயங்காலம் செட்டியார் வீடு கட்டும் மேஸ்திரி அச்சாரத்தோடு வந்தார். வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். மாப்பிள்ளை வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“கல்லு வேணாம் மேஸ்திரி. இந்த வருசம் குடுக்கிறதா இல்ல.”

“என்னங்க, வாக்குச் சொன்னீகளே?”

“வெள்ளிக்கெழம சொல்றேன்னு சொன்னேன். சொல்லிட்டேன். ஒங்க கழிவுச் சுண்ணாம்பு இருக்குல்ல, கப்பி, சாந்து ஒதறுனது, அத எங்க கொட்டுறீக?”

“கம்மாய்க்கரைப் பள்ளத்துல. ஏன்?”

“இங்குட்டுக் கொண்டாந்து கொட்டுங்க.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார், வள்ளியம்மையைப் பார்த்தார். “போன சித்திரையில இதே எடத்துல வண்டி நொகத்தடியப் புடிச்சு மறிச்சீக. இப்ப வண்டிய வரச் சொல்றீக. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“நேத்து வரைக்கும் இருந்துச்சு” என்றாள் வள்ளியம்மை.

எல்லா நிலத்திலும் கொட்ட வேண்டாம் என்று நான் சொன்னேன். அளவு மீறினால் வேறு விதத்தில் கெடும். மாப்பிள்ளை கால் பங்கில் கொட்டி, உழுது, புரட்டாசியில் கொள்ளு விதைத்துப் பார்க்கப் போகிறார். அது தேறினால் அடுத்த கால் பங்கு. மலாய்ப் பேச்சை அதுவரை எடுப்பதில்லை என்று வள்ளியம்மையிடம் சொல்லியிருக்கிறார். ஊருணிக் கசிவு மூலையில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பும் விழக்கூடாது என்று அவள் கல் நட்டு எல்லை போட்டுவிட்டாள். “அது அதுபாட்டுக்குக் கொசுவத் தின்னுக்கிட்டு கெடக்கட்டும் பெரியப்பா. அது எங்ககிட்ட என்ன கேட்டுச்சு?” என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. பசித்த மண்ணில் வாழப் பழகியவை கொழுத்த மண்ணில் செத்துப்போகும். கொள்ளுக்கு ஓர் இடம் வேண்டும், அழுகண்ணிக்கு ஓர் இடம் வேண்டும். எந்த இடம் யாருக்கு என்று பார்க்காமல், ஒன்றும் விளையாத மண் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஒரு நாள் குனிந்து பார்க்கட்டும்.

போக விரும்புகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். மாசி பிறந்தால் அழுகண்ணி காய்ந்துவிடும். வெயில் ஏறுமுன் போக வேண்டும். சரளை குத்தும், தடித்த செருப்பு நல்லது. தண்ணீர் கொண்டு போங்கள். அழுகண்ணியைப் பெயர்த்து வந்து எருவிட்ட தொட்டியில் வைக்காதீர்கள். அன்போடு கொன்றதாகும்.

வழி கேட்டால் வண்டிக்காரர் இன்னும் செத்த காடு என்றுதான் சொல்வார். நான் திரும்பும்போது கொள்ளுக் காயைக் கையில் கொடுத்தும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைப் போல் ஒருவர். வழி தெரியாவிட்டால் ஊருணிக் கரையில் கொஞ்சம் நில்லுங்கள். சுண்ணாம்புக் கழிவு ஏற்றிய வண்டி ஏதாவது மேற்கே போகும். அதன் பின்னாலேயே நடந்தால் போதும்.