நான்காவது வருடத்துக்கு மாமியின் சம்மதம்

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடிந்ததும் ஒரு படிவம் தந்தார்கள். மூன்று வருடத்தில் முடிகிற பொதுப் பட்டமா, நான்கு வருடச் சிறப்புப் பட்டமா என்று அதில் குறிக்க வேண்டும். புவியியலில் எனக்கு நல்ல புள்ளிகள். சிறப்புக்குத் தகுதி இருந்தது. ஆனால் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கற்பிட்டியில் ஆசிரியர். மூன்று வருடம் முடிந்த கையோடு நிக்காஹ் என்று இரண்டு வீட்டாரும் பேச்சு.

படிவத்தோடு எங்கள் ஊரான கரைத்தீவுக்கு வந்தேன். மாப்பிள்ளை வீட்டைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்றார் உம்மா. அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா, என் மாமியாகப் போகிறவர், வந்தார். வாப்பா இழுத்து இழுத்து விஷயத்தைச் சொல்ல, நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்காரவைத்தார்.

"அந்தக் கடைசி வருஷத்தில என்ன மகள் படிக்கிற?"

நல்ல தொழில் கிடைக்கும் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. நாமே ஒன்றைத் தேடி ஆராய்ந்து எழுத வேண்டும், நம் இரண்டு ஊருக்கும் நடுவில் ஆறும் கடலும் கலக்கிற களப்புத் தண்ணீரின் உப்பு இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்க ஆசை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தேன்.

"எங்கட களப்பையா?" மாமியின் முகம் மலர்ந்தது. "அப்ப நாலு வருஷமே படிங்க. அதுக்காகக் கல்யாணத்தைத் தள்ளவும் தேவல்ல. மூணாம் வருஷ லீவுல முடிப்பம். தோணிக்கு வீட்டிலயே ஆளிருக்கு."

உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே படிவத்தில் குறித்துவிட்டேன்.

சொன்னபடியே நடந்தது. நான்காம் வருடம் மீனவரான மாமா தோணி ஓட்ட, கணவர் போத்தல்களில் இடத்தின் பெயரை எழுதி ஒட்ட, நான் தண்ணீர் எடுத்தேன். யாரும் கூப்பிடாமலே மாமியும் சோற்றுப் பார்சல்களோடு ஏறிக்கொண்டார். உப்பை அளக்கும் கருவியை நான் தண்ணீரில் விடுமுன் அவர் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். கலா ஓயா ஆறு களப்பில் விழும் பக்கம் போனபோது, "இது சப்புண்டு இரிக்கி" என்றார். கருவியும் அங்கே உப்புக் குறைவென்றே காட்டியது. தோணியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் தோணி ஆடிய ஆட்டத்தில் நான் வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

ஆய்வை விளக்கிய நாளில், இந்த இடங்களை எப்படித் தெரிவுசெய்தீர்கள் என்று விரிவுரையாளர் கேட்டார். மாமி காட்டியவை என்றேன். அவர் சிரித்தார். அதையும் எழுதச் சொன்னார், எழுதினேன்.

பட்டமளிப்பன்று மாமி, அட்டை கட்டிய என் ஆய்வேட்டை விரித்து, வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினார். பிறகு சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்க, "இந்தா, இந்த இடத்திலதான் மருமகள் சத்தியெடுத்த" என்றார்.