முயல் கேளாத தோட்டா

கிருஷ்ணராசா அண்ணைக்கு லண்டனில் முயல் சுடுவதுதான் வேலை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அக்கம்பக்கம் பார்ப்பார்கள். துவக்கு என்ற சொல் காதில் விழுந்தால் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் இருக்கிற எந்த யாழ்ப்பாணத்தானும் அப்படித்தான் பார்ப்பான். நானும் பார்த்தவன்தான். அவருடைய கதையை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்த வாழ்க்கையைக் கெடுத்தவன் என்ற தகுதி இருக்கிறது.

அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டென்மார்க்குக்குப் போனவர். அங்கே ஒரு பன்றிப் பண்ணையில் வேலை. பண்ணைக்காரன் வேட்டைப் பைத்தியம். இவரையும் கூட்டிக்கொண்டு திரிந்து பழக்கி, அந்த நாட்டு வேட்டைப் பரீட்சையையும் எழுத வைத்தான். டேனிஷ் மொழியில் எழுதிப் பாஸ் பண்ணிய கதையை அண்ணை கலியாண வீடுகளில் சொல்வார். மற்றவர்கள் பிள்ளைகளின் ஏ லெவல் முடிவைச் சொல்கிற இடத்தில் இவர் அதைச் சொல்வார். கேட்கிறவர்கள் வடையைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

2001இல், மகள் கோசிகா ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று மனைவி அருமைநாயகி ஒற்றைக் காலில் நின்றதால், டேனிஷ் பாஸ்போர்ட்டோடு குடும்பமாக இங்கே வந்தார்கள். எலி, கரப்பான், மூட்டைப்பூச்சி ஒழிக்கிற ஒரு சின்னக் கம்பனியில் அண்ணை சேர்ந்தார். இரண்டு வருடம் சாப்பாட்டுக் கடைகளின் நிலவறைகளில் முழங்காலில் நகர்ந்து திரிந்தார். பிறகு நகரத்தின் விளிம்பில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் முயல் தொல்லை அந்தக் கம்பனியின் கைக்கு வந்தது. கம்பனியில் துவக்குப் பிடிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பொலிஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரியை இழுத்துப் பார்த்து, ஐந்து வருட அனுமதிப் பத்திரம் கொடுத்தது. பாயின்ட் டூ டூ றைஃபிள் ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த அலுமாரிக்குள் பத்திரங்கள் இருப்பதாக அருமைநாயகி அக்கா சொல்லிச் சமாளித்தார்.

அந்த ஐந்து வருடமும் மனிதர் நிமிர்ந்து நடந்தார். மைதானத்துக்காரர்கள் மிஸ்டர் கிறிஷ் என்று கூப்பிட்டுக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பார்களாம். இந்த நாட்டில் அவர் சொல்வதை ஒரு வெள்ளைக்காரன் குனிந்து கேட்ட இடம் அது ஒன்றுதான்.

2008இல் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அதற்கு இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும்: இவரைத் தெரியும், நல்லவர், துவக்கு வைத்திருக்கத் தகுந்தவர் என்று. முதல் தடவை சாட்சி சொன்ன மைதான மேற்பார்வையாளர் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டு, விண்ணப்பப் போமை நீட்டினார். நான் பிளேஸ்டோவில் கடை வைத்திருக்கிற தவராசா. அவரோடு ஏழு வருடப் பழக்கம். என் பேரில் ஒரு வழக்கும் இல்லை.

"போமை வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வையும்," என்றார்.

"நீங்கள் சொன்னாச் சரி அண்ணை," என்று பாண் பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எந்தப் போமையும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பதை எங்கள் சனம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

அவருக்கு மனம் ஆறவில்லை. அடுத்த ஞாயிறு விடியற்காலை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். பொலிஸ் கேட்டால் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டுமாம். பனி ஈரத்தில் என்னையும் பக்கத்தில் குப்புறப் படுக்க வைத்தார். எதிரே வரம்போரத்தில் ஆறு ஏழு முயல்கள் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

உள்ளங்கையில் இரண்டு தோட்டாக்களைக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"இது வேகமான தோட்டா. சத்தத்தை விட முந்திப் போகும். போற வழியெல்லாம் காத்தைக் கிழிச்சுக்கொண்டு போகும். அந்தச் சத்தம் உமக்கும் எனக்கும் தெரியும்தானே."

தெரியும். ஊரில் தலைக்கு மேலால் போகும்போது கேட்ட சத்தம் அது.

"முனையில இந்தக் குழாயப் பூட்டினா வாயில வாற வெடிச்சத்தம் குறையும். ஆனா காத்தைக் கிழிக்கிற சத்தத்தை அது ஒண்டும் செய்யாது. மற்றது சப்சோனிக். சத்தத்தை விட மெதுவாப் போறது, கிழிக்காது. குழாயும் இதுவும் சேர்ந்தாத்தான் அமைதி."

சுட்டார். பேப்பருக்கு ஸ்டேப்ளர் அடிக்கிற அளவுக்குத்தான் சத்தம். ஒரு முயல் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தது காதை ஒருக்கால் நிமிர்த்திவிட்டுத் திரும்பவும் மேய்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. மிச்சம் அப்போதும் புல்லிலேயே கவனமாக இருந்தன. வேகமான தோட்டா என்றால் முதல் வெடியோடு அத்தனையும் பொந்துக்குள் போயிருக்கும் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் குதிரை லாயம், அதற்கும் அப்பால் வீடுகள். ஒரு குதிரையும் மிரளவில்லை, ஒரு வீட்டிலும் திரைச்சீலை அசையவில்லை.

"ஆனா இதுக்கும் ஒரு குறை இருக்கு. ஐம்பது அறுபது யார் தூரம் தாண்டினா ஒரேயடியா கீழ விழத் தொடங்கும். தூரத்தைப் பிழையாக் கணிச்சா முயல் காயத்தோட ஓடி எங்கையோ கிடந்து சாகும். அதாலதான் இப்பிடி ஊர்ந்து கிட்ட வாறன்."

நாலாவது முயல் ஒன்று மேட்டின் உச்சியில் நல்ல தெளிவாக நின்றது. அண்ணை குறி வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். ஏன் என்று கேட்டேன்.

"பின்னால மண் இல்லை, வானம்தான் தெரியுது. தவறினா எங்க போய் விழுமெண்டு எனக்குத் தெரியாது. மெதுவான தோட்டா எண்டாலும் அது தோட்டாதான்."

பொலிஸுக்குச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும்.

மூன்று கிழமை கழித்து ஒரு பகல், சாதாரண உடுப்பில் ஒரு அதிகாரி கடைக்கு வந்து பொலிஸ் அட்டையைக் காட்டினார். அந்த வருடம் ஊரில் சண்டை உச்சம். இயக்கத்தின் கூட்டத்துக்குப் போனவனை, உண்டியலில் காசு போட்டவனை எல்லாம் பொலிஸ் தேடுகிறதாம் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். என்னுடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் வேறு ஹோம் ஒஃபிஸில் கிடந்தது. கியூவில் நாலு தமிழர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த மனிதர், கிருஷ்ணராசாவின் துவக்கைப் பற்றிச் சில கேள்விகள் என்றார்.

கியூவில் நின்றவர்களைப் பார்த்தேன். துவக்கா, அவரா, அவர் அதைத் தொட்டதே கிடையாது என்றேன். அதிகாரி போமை எடுத்து, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார். ஏதோ கவுன்சில் விஷயம் என்று நினைத்து வைத்தேன் என்றேன். ஊரில் அவர் ஆயுதம் வைத்திருந்தாரா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது, அவரோடு எனக்கு அவ்வளவு பழக்கமே இல்லை என்றேன். எங்கட ஆளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் தொடங்கினேன். எந்த இடத்தில் என்னைக் காப்பாற்றத் தொடங்கினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை. விண்ணப்பத்தில் இருப்பதும் சாட்சி சொன்னதும் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. அண்ணை றைஃபிளைத் தானே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, கடிதத்தோடு கடைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"உங்களுக்கு ஒண்டும் வந்திடக் கூடாதெண்டு அண்ணை."

அவர் கடிதத்தை மேசையில் என் முன்னால் வைத்தார். "சரி. பயத்தில சொன்னதெண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். கோட்டில அப்பீல் பண்ண இருபத்தொரு நாள் இருக்கு. அது இல்லாட்டி என்னைத் திரும்பவும் நிலவறைக்குள்ளதான் விடுவாங்கள்."

ஓம் என்றேன். பொலிஸுக்குப் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால் என் விண்ணப்பம் என்ன ஆகும் என்று யோசித்தேன். நாளைக்கு என்றேன். ஸ்டொக் எடுக்கிற வேலை என்றேன். காய்ச்சல் என்றேன். மனைவி கலாவதி பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டாள்: "உங்களுக்குக் கை வழங்கேல்லையோ? பிரியந்தனை விட்டு நான் எழுதுவிக்கட்டோ?" மகனை இதற்குள் இழுக்காதே என்று அவள் மேல் பாய்ந்தேன். இருபத்தொரு நாளும் அப்படியே போயின. அண்ணை ஆறு தடவை வந்தார். ஏழாவது தடவை வரவில்லை.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. மண்டபத்தில் நின்று சத்தியம் செய்து, படம் எடுத்துக்கொண்டேன். அதைக் கடையில் மாட்ட ஏனோ மனம் வரவில்லை. முயல் ஒப்பந்தம் வேறொரு கம்பனிக்குப் போனது. அண்ணையின் கம்பனி அவரைப் பழையபடி நிலவறைகளுக்கு அனுப்பியது. ஐம்பத்தாறு வயதில் முழங்கால் வீங்கி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். கலியாண வீடுகளில் டேனிஷ் பரீட்சைக் கதையையும் அவர் பிறகு சொல்லவில்லை. என்னைக் கண்டால் பந்தியில் வேறு வரிசைக்குப் போய்விடுவார்.

2009 கடைசியில் என் கடைக்குள் எலி வந்தது. சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துவிட்டுப் போனார். கலாவதிதான் கம்பனிக்குப் போன் பண்ணினாள். எந்தக் கம்பனி என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வந்தது அண்ணை.

கையில் ரோச் லைட்டோடு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலில் போனார். ஒரு மணித்தியாலம் ஊர்ந்தார். பைப் வருகிற ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, மருந்துப் பெட்டிகள் வைத்தார். எழும்பும்போது ஃப்ரீசரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். கலாவதி தேத்தண்ணி நீட்டினாள். "வேண்டாம் பிள்ளை, இன்னும் நாலு இடம் கிடக்கு," என்றார்.

பிறகு என்னிடம் வேலைத் தாளை நீட்டினார். நான் பேனையை எடுத்து அடியில் கையெழுத்து வைக்கப் போனேன். அவர் தாளின் மறுமுனையை விடவில்லை.

"வாசிச்சுப் போட்டு வையும்."

வாசித்தேன். இரண்டு பக்கம். எலி வந்த வழி, மருந்து வைத்த இடங்கள், பிள்ளைகளின் கை எட்டாமல் பெட்டிகளை எங்கே பூட்டியிருக்கிறது என்பது, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார். நான் வாசித்து முடிக்கும் வரைக்கும் அவர் அந்த வீங்கிய முழங்கால்களோடு நின்றுகொண்டிருந்தார்.

கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அதைச் சரிபார்த்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அடுத்த முறை வேற ஆள் வரும்," என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.