கேக் ஓரம்

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பேட்டையில், மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கஃபேயில் நிற்கிறேன். கண்ணாடிக்குள் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கேக் துண்டு, விலை பதினோரு டாலர். "ஆத்தாடி" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

"தமிழோ?" என்கிறார் கல்லாவில் நிற்கும் பெண். யாழ்ப்பாணப் பேச்சு.

எனக்குத் தைரியம் வந்துவிடுகிறது. மதுரையில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கக்கூட ஒரு விள்ளல் தின்று பார்ப்பவன் நான். "கொஞ்சம் சாம்பிள் குடுங்கம்மா. நல்லா இருந்தா வாங்குறேன்."

"இஞ்ச அப்பிடிக் குடுக்கிறேல்லை, அண்ணை" என்று சிரிப்பை அடக்குகிறார். ஆனாலும் குனிந்து ஒரு டப்பாவை எடுக்கிறார். கேக்கைச் சதுரமாக்க வெட்டிய ஓரங்கள் அதில் கிடக்கின்றன. "வேலை செய்யிற நாங்கள் சாப்பிடுறது. எடுங்கோ."

ஒன்றுக்கு மூன்றாக எடுத்துத் தட்டில் வைத்து, ஒன்றைக் கடிக்கிறேன். பிரமாதம். "அப்போ ஒரு துண்டு வாங்கிக்கவா?"

"துண்டிலயும் இதே ருசிதான். பிறகென்னத்துக்குக் காசைக் கரியாக்கிறியள்?"

காபி மட்டும் வாங்குகிறேன். வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைக்காரர் என் தட்டைக் காட்டி, தனக்கும் அதுவே வேண்டும் என்கிறார். அடுத்து நிற்கும் பெண்மணியும் அதையே கேட்கிறார். சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளி டப்பாவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், சாக்பீஸை எடுக்கிறார்.

நான் காபியை முடிப்பதற்குள் கரும்பலகையில் புதிதாக ஒரு வரி ஏறிவிடுகிறது: கேக் ஓரம், ஆறு டாலர்.

காலி டப்பாவை மூடியபடி அந்தப் பெண் என்னைப் பார்க்கிறார்.

"வந்த வேலை முடிஞ்சுதோ, அண்ணை? இனி நாங்களும் காசு குடுத்துத்தான் சாப்பிடோணும்."