சாமி அறைக்குள் கைத்துப்பாக்கி

என் வீட்டுக்காரரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே மலாய் நாட்டில், ஜார்ஜ் டவுனில் நகைக்கடை வைத்திருப்பவர். கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்கமாட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? பேங்குக்கும் கடைக்கும் நகை கொண்டுபோகிறவர் என்பதால் போலீஸ் லைசென்ஸ் கொடுத்திருந்தது. வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பித்து வருவார். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார். இருபது வருடத்தில் ஒருமுறைகூட அதைக் காட்டி யாரையும் மிரட்டியதில்லை. மிரட்டுகிற வேலைக்கு நான் ஒருத்தி போதும் என்று சொல்லிச் சிரிப்பார்.

கடையை அவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். தம்பி ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போனார். அதோடு இவருக்குப் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, கடைக்குப் போவதும் நின்றது. "டாக்டரைப் பார்க்கலாம்ங்க" என்றால், "எனக்கென்ன நோயா?" என்பார். தம்பியின் ஆண்டுத் திதி முடிந்தும் மாறவில்லை. பிறகு ஒருநாள், கடைப் பெட்டகத்தில் இருந்த துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். கடைக்கே போகாத மனிதருக்கு வீட்டில் எதற்குத் துப்பாக்கி? அன்று மாலை தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அவன் போயிட்டான், நான் மட்டும் இருந்து என்ன செய்யப் போறேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார்.

அமெரிக்காவில் வேலை செய்யும் மகளுக்குப் போன் போட்டேன். "அம்மா, இங்க சில ஊர்ல இதுக்குன்னே சட்டம் இருக்கு. ரெட் ஃப்ளாக் சட்டம்னு சொல்வாங்க. வீட்டு ஆளுங்க கோர்ட்ல போய்ச் சொன்னா, கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கிய வாங்கி வச்சுக்குவாங்க" என்றாள். எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்களா என்று கேட்டேன். "எங்கேம்மா ஒத்துக்கிறாங்க! ஒரே சண்டை. உயிரைக் காப்பாத்துதுன்னு ஒரு பக்கம். தப்பே பண்ணாத ஆளோட பொருளை யாரோ சொன்னாங்கன்னு எப்படி எடுக்கலாம்னு இன்னொரு பக்கம். நீங்க யோசிக்காதீங்க, அப்பாவுக்குத் தெரியாம பாலாய்ல போய் போலீஸ்கிட்ட சொல்லிடுங்க."

யோசிக்காமல் எப்படி இருப்பது? எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. போலீஸ் வண்டி வாசலில் நிற்கும். எதிர்வீட்டுச் சீனத்தி கதவைத் திறந்து பார்ப்பாள். இஸ்திரிச் சட்டை போட்டு லைசென்ஸ் புதுப்பித்த மனிதர் குற்றவாளி மாதிரி கையை நீட்டிக் கொடுப்பார். மிச்சமிருக்கும் உயிரும் அதில் போய்விடாதா? சொல்லாமல் விட்டாலோ, அதை நினைக்கவே முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் தராசு, உரைகல், என் அரிவாள்மனை, கத்திகள் எல்லாம் பூஜைக்குப் போகும். துப்பாக்கியும் போகும். அவரே குண்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, துடைத்துக் கொடுப்பார். நான் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். தம்பி இறந்த வருடம் பூஜை இல்லை. இந்த வருடம் கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை, மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை செய்யும்வரை யாரும் தொடக்கூடாது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மறுபூஜை செய்தால்தானே எடுக்க முடியும்?

சாமி அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். விஜயதசமியன்று தலைவலி என்றேன். மறுநாள் நாள் சரியில்லை. அதற்கடுத்த நாள் கரிநாள், காலண்டரைப் பார்க்காமலே சொன்னேன். அம்பாள் மன்னிக்கட்டும், அவளுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். கத்திகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. கடையில் ஒரு புதுக் கத்தி வாங்கலாம் என்று அறிவுள்ளவளுக்குத் தோன்றியிருக்கும். நான் வெங்காயத்தைக் கல்லில் வைத்து நசுக்கினேன், பயற்றங்காயைக் கையால் ஒடித்தேன், பசாரில் மீனை வெட்டியே வாங்கி வந்தேன்.

எதையும் கவனிக்காத மனிதர் தட்டைப் பார்த்தார். "நாலு நாளா நசுங்கின வெங்காயமும் ஒடிச்ச பயற்றங்காயுமா இருக்கு. எத்தனை நாளைக்குத்தான் கத்தி இல்லாம சமைக்கப் போற?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க. அந்தத் துப்பாக்கி உங்க கைக்கு எட்டுற இடத்துல இருந்தா எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

அவர் முகம் சிவந்தது. "இருபது வருஷமா வச்சிருக்கேன். அதைக் காட்டி ஒருத்தரையாவது மிரட்டினேனா? நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லு."

"நீங்க ஒண்ணும் செய்யலங்க."

"அப்புறம் எதுக்கு?"

"செஞ்ச பிறகு நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம், இரக்கம், பிரியம் எல்லாம் ஒரேயடியாக வந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அது எதுக்கு வீட்டுக்கு வந்துச்சுன்னு யாராச்சும் கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "மறுபூஜைய முடி. நானே கொண்டுபோய் பாலாய்ல குடுக்கிறேன். நீயும் வா" என்றார்.

அன்றைக்கே போனோம். போகும் முன் அவரே சட்டையை இஸ்திரி போட்டார். பாலாயில் மலாய்க்கார போலீஸ் சார்ஜன் ஒருவர் இருந்தார். துப்பாக்கியில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, ஏன் ஒப்படைக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். கடைக்குப் போவதில்லை என்றுதான் இவர் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "மனசு சரியில்ல. இது வீட்டுல இருக்க வேணாம்" என்றார். ஒரு வருடமாக என்னிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாதவரிடம் சொன்னார். சார்ஜன் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு இவரை உட்காரச் சொன்னார்.

வேலை முடிந்ததும், எப்போது திரும்ப வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்டார். இவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அவளைக் கேளுங்க."

நாலு நாளாக வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்ன எனக்கு அங்கே ஒரு பொய்யும் வரவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன்: "முதல்ல இவர் திரும்பி வரட்டும்."

சார்ஜன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் குழப்பத்தோடு பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, "வரேன்" என்றார்.