கேட்கட்டும் என்றார் அதிகாரி

கொழும்புத் தலைமையகத்தின் பெரிய கணினியில் இருந்த காணிக் கோப்புகளை மாத்தளையில் எங்கள் அலுவலகக் கணினிக்கு இறக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் வரவழைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ‘இறக்கவா?’ என்று திரையில் ஒரு கேள்வி வரும். அதை நிறுத்திவிடலாம் என்று எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

“கேக்கட்டும். இந்த ஆபீஸ்ல என்னைக் கேட்டுச் செய்யிறது இது ஒண்ணுதான். அதையும் நிறுத்தச் சொல்றீங்களா?”

என்னை எழுப்பிவிட்டு என் கதிரையில் தானே உட்கார்ந்தார். ஒவ்வொரு கோப்பின் பெயரையும் வாய்விட்டு வாசித்து, கண்ணாடியைத் துடைத்து, யோசித்து, பிறகுதான் சம்மதம் கொடுத்தார். வரம் கொடுக்கிற சாமியின் முகம் அது. பாதியில் பிளேன்டீ குடிக்க எழுந்தார்.

“நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க.”

திரையில் கேள்வி அப்படியே நின்றது. அவர் திரும்புவதற்குள் கொழும்புக் கணினி சலித்துப்போய் இணைப்பைத் துண்டித்துவிட்டது.

“பாத்தீங்களா, ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் பொறுக்கத் தெரியல” என்றார்.

வெளியே நீண்ட மர வாங்கில், அந்தக் கோப்புகளுக்காகப் பல்லேபொலயிலிருந்து வந்தவர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பொறுக்கத் தெரிந்திருந்தது.